பதினேழு வயது பென்ஸுக்கு ஒரு நோயறிக்கை: கணபதிப் பட்டறை ஒன்றில் கண்டது

சத்தி சாலையில் கணபதிக்கும் சரவணம்பட்டிக்கும் இடையே, லேத்துப் பட்டறைகளும் பம்ப் உதிரிபாகக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு குறுக்குத் தெருவில், 2025 பிப்ரவரியில் 7,500 ரூபாய் கொடுத்துப் பதினொரு பக்கத் தாள்கட்டு ஒன்றை வாங்கினேன். என் காருக்கு என்னென்ன கோளாறு, ஒவ்வொன்றும் எதனால் வந்தது, எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தொடவே கூடாது என்பவை அதில் எழுதப்பட்டிருந்தன. ஒரு நட்டுகூட மாற்றப்படாத நிலையில், கோளாறு இன்னதென்று சொன்னதற்கு மட்டும் கொடுத்த பணம் அது என்பதால் ஈரோட்டில் என்னைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பத்து மாதங்களும் பதினோராயிரம் கிலோமீட்டரும் கழிந்த பின், அந்தத் தாள்கட்டையும் அதை எழுதிய பட்டறையையும் பற்றி விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். இரண்டு லிஃப்ட்டும் நான்கு ஆட்களும் மட்டுமே உள்ள அந்த இடத்தில் இப்போதே தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆகிறது. பழைய பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ வைத்திருப்பவர்களைக் கோவையில் விசாரித்தால் வழி காட்டிவிடுவார்கள்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில் செய்த என் மாமனார் 2008ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 280 சி.டி.ஐ. அது. டபிள்யூ 211 என்று நிறுவனம் குறிக்கும் தலைமுறையைச் சேர்ந்தது, ஓ.எம். 642 என்னும் 2,987 சி.சி. வி6 டீசல் எஞ்சினும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் கொண்டது. மாமனார் காலமான பின் விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். "அவரு ஆசையா வாங்குன வண்டிங்க மாப்பிள்ளை, வித்துப்போட வேண்டாமுங்க" என்று அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன். ஆசையால் வைத்துக்கொள்ளும் பொருளுக்கும் ஒரு வரவுசெலவுத் திட்டம் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது.

வண்டி 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது தொல்லைகள் வரிசை கட்டின. அவிநாசியிலிருந்து திரும்பும்போது விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி மூச்சு முட்டியதுபோல் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏற மறுத்தது. நிறுத்தும் இடத்தில் எல்லாம் எண்ணெய்க் கறை விழுந்தது. வேகத்தடைகளில் முன்பக்கம் "டொக்" என்று ஒலித்தது. மூன்று நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி செத்துக் கிடந்தது. மத்தியான வெயிலில் ஏ.சி. காற்று மட்டும் வீசியது, குளிர் இல்லை.

கோவைக்குப் போவதற்கு முன் உள்ளூரில் ஒரு பட்டறையில் காட்டியிருந்தேன். அங்கே சிறிய ஸ்கேனர் ஒன்றைச் செருகினார்கள். அது ஒரு கோடு (code), அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடு, காட்டியது. கோடு எந்த உறுப்பின் பெயரைச் சொன்னதோ அந்த உறுப்பை மாற்றினார்கள். அது எஞ்சினின் உட்காற்றுப் பாதையில் உள்ள சிறு மடல்களைத் திருப்பும் மின்மோட்டார். மெக்கானிக்குகள் ஸ்வர்ல் மோட்டார் என்பார்கள். மாற்றியதும் விளக்கு அணைந்தது, நானும் மகிழ்ந்தேன். பதினோரு மாதத்தில் அதே விளக்கு, அதே கோடு. இரண்டாம் முறை போனபோது மீண்டும் அதே மோட்டாருக்கு 38,000 ரூபாயும், கூடவே எண்ணெய்க் கசிவுக்காகக் கியர்பாக்ஸை இறக்கி எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை மாற்ற 48,000 ரூபாயும் எஸ்டிமேட் போட்டுத் தந்தார்கள். மொத்தம் 86,000. அந்தத் தாளில் உறுப்புகளின் பெயர்களும் தொகைகளும் இருந்தன; காரணம் என்று ஒரு சொல் இல்லை. செலவுச் சீட்டில் காரணம் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவது என் வழக்கம். காரின் விஷயத்திலும் அப்படியே செய்தேன்.

கணபதிப் பட்டறையில் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி வண்டி எந்த ஆண்டு என்பதுதான். சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்தேன். பிறகே விவரம் தெரிந்தது. இந்தத் தலைமுறையின் முற்பகுதிக் கார்களில், அதாவது 2006இல் தோற்றம் புதுப்பிக்கப்படுவதற்கு முன் வந்தவற்றில், எஸ்.பி.சி. என்னும் மின்னணு பிரேக் அமைப்பு இருந்தது. மிதியின் அழுத்தத்தைக் கணினி உணர்ந்து பம்ப் மூலம் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு அது. அந்தப் பம்ப் அலகு தான் இயங்கிய தடவைகளை எண்ணிக்கொண்டே வந்து, குறித்த எண்ணிக்கை முடிந்ததும் தன்னை மாற்றும்படி எச்சரிக்கும். 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் நிறுவனம் இந்த பிரேக்குக்காகக் கார்களைத் திரும்ப அழைத்ததும் உண்டு. என் வண்டி 2008 என்றதும் அவர் தலையசைத்து ஒரு வரியை அடித்துவிட்டார். பழைய ஈ வகுப்பு வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு விவரத்தையாவது முதலில் பார்ப்பது நல்லது. 2005 மாடலும் 2007 மாடலும் விலையில் நெருக்கமாகத் தெரிந்தாலும் பிரேக் விஷயத்தில் அவை வேறு வேறு வண்டிகள்.

வண்டியை மூன்று நாள் விட்டுவரச் சொன்னார்கள். முதல் நாள் எதையும் கழற்றவில்லை. நிறுவனத்தின் கார்களுக்கென்றே உள்ள கருவியைப் பொருத்தி, சிறு கணினிகளான எல்லாக் கட்டுப்பாட்டு அலகுகளையும் படித்துப் பதிவுசெய்துகொண்டு, எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து, எண்ணெயில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தைக் கலந்தார்கள். பிறகு மூத்த மெக்கானிக் ஒருவர் மடிக்கணினியைப் பக்கத்து இருக்கையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அன்னூர் வழியாகப் புஞ்சைப் புளியம்பட்டி வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். போகும்போதும் வரும்போதும் டர்போ அழுத்தம், இஞ்செக்டர்களின் திருத்த அளவுகள், கியர்பாக்ஸின் வேக உணரிகள், எண்ணெயின் வெப்பம் ஆகியவை பதிவாகின. நிற்கும் வண்டியில் ஸ்கேன் போடுவதற்கும், சூடேறிய எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது அளவுகளைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அறிக்கையைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி எண்ணெய்க் கசிவைப் பற்றிய இரண்டு பக்கங்கள். ஓ.எம். 642 எஞ்சினில், எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கும் உட்காற்றுக் குழாய்களுக்கும் அடியில் புதைந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிப்போகும். அப்போது கசியும் எண்ணெய் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கம் உள்ள வடிகால் துளை வழியாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது எஞ்சினின் பின் ஆயில் சீல் கசிவதாகவே தெரியும். உலகெங்கும் இந்த எஞ்சினில் அடிக்கடி நேரும் தவறு இது. உள்ளூர்ப் பட்டறை சொன்னபடி கியர்பாக்ஸை இறக்கியிருந்தால், நல்ல நிலையில் இருந்த சீலை மாற்றிவிட்டு, அதே கறையோடு வீடு திரும்பியிருப்பேன். இங்கே மெல்லிய கேமராக் குழாயைப் பள்ளத்துக்குள் விட்டு, சாயம் கலந்த எண்ணெய் பச்சையாக மின்னித் தேங்கியிருப்பதைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டியிருந்தார்கள். பின் சீலைச் சுற்றியுள்ள பகுதி காய்ந்திருப்பதற்கும் ஒரு படம் இருந்தது. தணிக்கையில் இதைத்தான் சான்று என்போம்.

ஸ்வர்ல் மோட்டாரின் கதையும் இதன் பக்கத்திலேயே முடிந்தது. எஞ்சினின் உள்ளிருந்து வரும் எண்ணெய் கலந்த ஆவி டர்போவின் வாய்க்குப் போகும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தளர்ந்தால் எண்ணெய் கசிந்து நேர் கீழே இருக்கும் மோட்டாரின் மீது சொட்டும். மோட்டார் எண்ணெயில் ஊறிச் செத்துப்போகும், ஸ்கேனர் மோட்டாரின் பெயரைச் சொல்லும். மோட்டாரை மட்டும் மாற்றினால் புதிய மோட்டாரும் அதே எண்ணெயில்தான் குளிக்கும். எனக்கு நடந்ததும் அதுவே. சீலின் விலை 900 ரூபாய். முதல் முறையே அந்த 900 ரூபாயைச் செலவிட்டிருந்தால் ஒரு மோட்டாரின் விலை மிச்சமாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கோடு என்பது கணினிக்கு எங்கே வலித்தது என்பதைத்தான் சொல்கிறது என்று மூத்த மெக்கானிக் எனக்கு விளக்கினார்: "பல்லு வலிச்சா கன்னம் வீங்குமுங்க சார். கன்னத்துக்கு மருந்து போட்டு என்ன பண்றது?"

பேட்டரி வடிவதைக் கண்டுபிடித்த விதம் பார்ப்பதற்கே சுவையாக இருந்தது. கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்து, எல்லா அலகுகளும் உறங்கும்வரை நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். உறங்கிய காரில் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய மின்னோட்டம் 0.4 ஆம்பியராக இருந்தது. மூன்று நாளில் அது ஏறக்குறைய 29 ஆம்பியர் மணி நேரம். 95 ஆம்பியர் மணி நேரப் பேட்டரி புதிதாக இருந்தால் தாங்கும், பழையது தாங்காது. ஒவ்வொரு ஃபியூஸையும் பிடுங்கிப் பார்க்காமல், அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மில்லிவோல்ட் வித்தியாசத்தை அளந்தே எந்தச் சுற்று விழித்திருக்கிறது என்று பிடித்தார்கள். பிடுங்கினால் உறங்கும் அலகு விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடுமாம். குற்றவாளி, என் மைத்துனன் ஆசையாகப் பொருத்திக் கொடுத்த ஆண்ட்ராய்டு திரையும் ரிவர்ஸ் கேமராவும். குடும்ப அமைதி கருதி இதை வீட்டில் நான் விரிவாகச் சொல்லவில்லை.

கோளாறுகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. மோட்டாரும் பம்ப்பும் லேத்தும் வைத்துப் பிழைத்த ஊர் இது. இந்தப் பட்டறையை நான் தனித்துச் சொல்வதற்குக் காரணம், கண்டுபிடித்ததைப் பட்ஜெட்டாக மாற்றித் தந்த முறை. அறிக்கையின் பின்பாதியில் மூன்று பட்டியல்கள் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் எதிரே உதிரிபாகம், கூலி, வரி தனித்தனியாகவும், "செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்று ஒரு கட்டமும் இருந்தன. அந்தக் கடைசிக் கட்டத்தை வேறு எந்தப் பட்டறையின் எஸ்டிமேட்டிலும் நான் பார்த்ததில்லை.

முதல் பட்டியல் உடனே செய்ய வேண்டியவை. ஆயில் கூலர் சீல்களுக்கும் அதனோடு மாற்ற வேண்டிய பேக்கிங்குகள், எண்ணெய், கூலன்ட் ஆகியவற்றுக்கும் 21,400, கூலி 38,000. ஸ்வர்ல் மோட்டாரும் அந்த 900 ரூபாய்ச் சீலும் சேர்ந்து 35,500. ஆயில் கூலருக்காக மேலே உள்ளதை எல்லாம் எப்படியும் கழற்றுவதால் இதற்குத் தனிக்கூலி போடவில்லை என்று குறிப்பு இருந்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ் ஆர்ம்கள் இரு பக்கமும், அலைன்மென்ட் உட்பட 46,200. முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் 27,800. திரையின் ஒயரிங்கை ஒழுங்குசெய்ய 3,200. வரி உட்பட மொத்தம் 1,72,100. இதற்கு மேல், பிரித்த பிறகு தெரியவரும் வேலைகளுக்கென்று 15 சதவீதம், அதாவது 25,800 ரூபாயைத் தனியாக ஒதுக்கி வைக்கும்படியும், அந்த எல்லைக்குள் வரும் எதையும் படம் அனுப்பிச் சம்மதம் பெற்றே செய்வோம் என்றும், எல்லையைத் தாண்டினால் வேலையை நிறுத்திப் பேசுவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

கூலி 38,000 என்பதைப் பார்த்ததும் எனக்கும் புருவம் உயர்ந்தது. கசியும் சீல்களின் விலை இரண்டாயிரத்தைத் தாண்டாது. ஆனால் அவற்றைத் தொடுவதற்கு டர்போவையும் உட்காற்றுக் குழாய்களையும் எரிபொருள் குழாய்கள் சிலவற்றையும் கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, மீண்டும் அதே வரிசையில் சரியான முறுக்கு அளவில் பூட்ட வேண்டும். இரண்டு ஆட்களுக்கு இரண்டரை நாள் வேலை. சொகுசுக் கார் பழையதாகும்போது பணம் எங்கே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சந்தையில் காரின் விலை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகிறது; விலை உயர்ந்த காருக்கென்று வடிவமைத்த எஞ்சின் அறையின் நெரிசல் மட்டும் இறங்குவதில்லை.

இரண்டாம் பட்டியல் ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை: கியர்பாக்ஸ் எண்ணெயும் ஃபில்டரும் 28,000, எஞ்சின் மவுண்டிங் இரண்டும் 41,000, பின் அச்சுக்குப் போகும் தண்டின் ரப்பர் இணைப்புகள் இரண்டும் 19,000, ஆக 88,000. ஏழு கியர் பெட்டிகளில் உள்ளிருக்கும் மின்னணுத் தகட்டின் வேக உணரிகள் பழுதாகி வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்வது அறிந்த குறை. என் வண்டியில் சூடான நிலையிலும் உணரிகள் ஒழுங்காகவே இருந்ததால் அதைப் பயமுறுத்தும் வரியாக்காமல், எண்ணெய் மாற்றும்போது மீண்டும் அளந்துபார்க்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் பட்டியல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்பே "தொட வேண்டாம்". குளிரில் எஞ்சின் கிளம்பச் சூடேற்றிக் கொடுக்கும் ஆறு குளோ பிளக்குகளில் ஒன்று செத்துவிட்டது. மாற்றிவிடலாமே என்றேன். "ஏனுங்க சார், நம்மூர்ல பனியா கொட்டுது? மத்த அஞ்சு பாத்துக்குமுங்க. கழட்டறப்ப உள்ளயே முறிஞ்சுபோச்சுன்னா ஹெட்டையே இறக்கோணும்" என்றார் மெக்கானிக். ஆண்டுக்கணக்கில் கரி பிடித்து இறுகிய குளோ பிளக் கழற்றும்போது முறிவது உண்மையான ஆபத்து. கோவை, ஈரோட்டு வெப்பத்தில் டீசல் எஞ்சின் ஒரு பிளக் குறைவாக இருந்தாலும் உடனே கிளம்பிவிடுகிறது. வேலை கிடைத்தால் போதும் என்று நினைக்கும் பட்டறை இந்த வரியை எழுதாது.

வண்டியின் விலையோடு ஒப்பிட்டு இந்தச் செலவு தகுமா என்று எல்லோரும் கேட்டார்கள். அப்படிக் கேட்பதே கணக்குப் பிழை என்பது என் கருத்து. பதினைந்து ஆண்டு முடிந்து 2023இல் பதிவைப் புதுப்பித்தபோது ஐந்தாண்டு கிடைத்தது. 2028 வரை வண்டி சாலையில் ஓடலாம். ஆகவே செலவை அந்த மீதி மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து பார்க்க வேண்டும். முதல் பட்டியலுக்கு முடிவில் வந்த 1,84,500 ரூபாய் பில்லும் இரண்டாம் பட்டியலும் அறிக்கைக் கட்டணமும் சேர்ந்து 2,80,000. ஆண்டுக்குத் தொண்ணூற்று மூவாயிரத்துச் சொச்சம். இருபது லட்சத்துக்குப் புதுக்கார் ஒன்றை வாங்கித் தொழில் கணக்கில் எழுதினால், வருமான வரிச் சட்டத்தின் 15 சதவீதத் தேய்மானம் மட்டுமே முதலாண்டில் மூன்று லட்சம். இந்த ஒப்பீட்டில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் மறைக்க மாட்டேன்: புதுக்கார் வழியில் நிற்காது, பழைய கார் எதிர்பாராத ஒரு பெரிய செலவை எந்த நாளும் நீட்டலாம். அதனால்தான் ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாயை இந்த வண்டிக்கென்றே தனி வைப்பில் போட்டு வருகிறேன். அந்தப் பணம் இல்லாதவர் இந்த வகைக் காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. பத்தாண்டு கடந்த டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு விதித்த டெல்லியிலிருந்து வரும் மலிவு வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

இனிக் குறைகள். பன்னிரண்டு நாள் என்று சொன்ன வேலை இருபத்தாறு நாள் ஆனது. ஸ்வர்ல் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானது உண்மைதான். ஆனால் அது கையில் வருவதற்கு முன்பே எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டதால், இரண்டு வாரம் வண்டி லிஃப்ட்டில் வாய் பிளந்து நின்றது. பாகம் வந்த பிறகே பிரிப்பது என்ற எளிய ஒழுங்கை இவ்வளவு கவனமான பட்டறை ஏன் கடைப்பிடிக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மாற்று வண்டி கிடையாது. நானும் அத்தையும் அந்த நாட்களில் ஈரோட்டிலிருந்து கோவைக்கு ரயிலிலும் பேருந்திலும் போய் வந்தோம். திரும்ப வாங்கியபோது முன்கதவின் உட்பக்கப் பட்டையில் கிளிப் ஒன்று உடைந்திருந்தது. கேட்டதும் மாற்றினார்கள், கேட்காமலே சொல்லியிருக்கலாம். நாம் வாங்கி வரும் உதிரிபாகங்களைப் பூட்ட மாட்டார்கள். காரணம் நியாயமானதே என்றாலும், விலை ஒப்பிட்டு வாங்கும் பழக்கமுள்ள நம் ஊர்க்காரர்களுக்கு அது எரிச்சலூட்டும்.

ஏ.சி. விஷயத்தில் அறிக்கை முடிவு சொல்லவில்லை. கம்ப்ரஸரின் கட்டுப்பாட்டு வால்வா, டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரின் நுண்ணிய கசிவா என்பதைச் சாயம் விட்டுச் சில மாதம் ஓட்டிய பின்பே சொல்ல முடியும் என்றும், பின்னதாக இருந்தால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருப்பதால் 60,000 முதல் 85,000 வரை ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள். அன்று அது தட்டிக்கழிப்பதுபோல் தோன்றியது. இப்போது யோசிக்கும்போது, தெரியாததற்கு விலை போடாமல் விட்டது சரியென்றே படுகிறது; ஆனாலும் ஒரு சித்திரை, வைகாசி முழுவதும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பென்ஸில் போனவன் என்ற முறையில் மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைக்கவே செய்வேன்.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. டர்போவைக் கழற்றும்போது ஒரு போல்ட் முறிந்தது. அதைத் துளைத்தெடுத்து மரை போட, அதே தெருவிலிருந்த லேத்துக்குக் கொண்டுபோன வகையில் 7,800. எல்லாம் பிரிந்து கிடந்தபோது தொட்டதும் உதிர்ந்த வெற்றிடக் குழாய்களுக்கு 4,600. இரண்டுக்கும் இரவு ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் படமும் தொகையும் வந்தன; நான் சரி என்று எழுதிய பிறகே வேலை நடந்தது. பில் 1,84,500, முன்பே வகுத்திருந்த 1,97,900 எல்லைக்குள். அறிக்கைக் கட்டணத்தோடு சேர்த்து 1,92,000. கழற்றிய பழைய பாகங்களை ஒரு கோணிப்பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, டிக்கியில் வைத்திருந்தார்கள். முன் ஆர்ம்களின் புதிய பெட்டியையும் காட்டினார்கள். பென்ஸுக்கே அந்த உறுப்பைச் செய்து கொடுக்கும் லெம்ஃபோர்டர் நிறுவனத்துடையது. நட்சத்திர முத்திரை இருந்த இடம் மட்டும் அரைத்து எடுக்கப்பட்டிருந்தது. முத்திரை போனால் விலையும் கணிசமாக இறங்குகிறது. எங்கே இந்த வழியில் மிச்சம் பிடிக்கலாம், எங்கே பென்ஸ் பெட்டியிலேயே வாங்க வேண்டும் என்பதையும் வரிக்கு வரி பிரித்திருந்தார்கள்; ஆயில் கூலர் சீல்களும் ஸ்வர்ல் மோட்டாரும் இரண்டாம் வகை.

பத்து மாதமாக விளக்கு எரியவில்லை. வீட்டு வாசலில் போட்டு வைத்த அட்டைப்பெட்டித் தாளில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஒரு வாரம் எடுக்காமல் விட்டும் பேட்டரி கிளப்பிவிட்டது. மைத்துனனின் திரையும் முறையான ஒயரிங்கோடு இன்னும் வேலை செய்கிறது. அத்தையைக் கூட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனபோது ஏற்றத்தில் அந்த வி6 இழுத்த இழுப்பில் மாமனாரின் ரிக் வண்டி நாட்களைப் பற்றி அவரே பேசத் தொடங்கிவிட்டார். மறுநாள் காலைக் குளிரில் எஞ்சின் கிளம்ப ஒரு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஐந்து குளோ பிளக்குகளும் தங்கள் வேலையைச் செய்தன.

இரண்டாம் பட்டியலைத் தள்ளிப்போட்டதில் எதிர்பாராத ஒரு லாபமும் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், எஞ்சின் மவுண்டிங்குகளுக்கும் ரப்பர் இணைப்புகளுக்கும் திருத்திய எஸ்டிமேட் ஒன்றைக் கேட்டேன். கேட்ட அன்றே குறைந்த வரியோடு அனுப்பினார்கள். பொங்கல் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை பாகங்கள் எல்லாம் பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகே வண்டியை விடுவேன் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். அதே நாளில் புற ஊதா விளக்கைப் பிடித்து ஏ.சி.க்குள் விட்ட சாயம் எங்கே எட்டிப்பார்க்கிறது என்றும் பார்த்துவிடுவார்கள். டேஷ்போர்டு இறங்க வேண்டியிருந்தால் அதற்கான பணத்தில் எழுபதாயிரம் இப்போது வைப்பில் இருக்கிறது.